தண்ணி போற வழியை மேடாக்க அனுமதி கொடுத்தது யார்?



ஐப்பசி பிறந்தால் நம்ம வட்டாரத்தில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. வீராணம் 47.5 அடியைத் தொட்டுவிட்டதா, லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடையைத் திறந்துவிட்டார்களா, கீழணையிலிருந்து கொள்ளிடத்தில் எத்தனை ஆயிரம் கன அடி இறங்குது என்பதுதான் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் பேச்சு. 2005, 2008, 2015, 2021 என்று வெள்ள வருசங்களை நம்ம பிள்ளைகள் பிறந்த வருசம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வோம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆறும் கடலுக்குப் போக நம்ம கடலூர் மாவட்டத்தைத் தாண்டித்தான் போகணும். ஆகவே தண்ணி நமக்குப் புதுசு இல்லை. தாத்தன் காலத்திலும் வந்தது, நின்றது, வடிந்தது.

இப்ப வருகிற தண்ணி வடிய மாட்டேங்குது. அதுதான் புதுசு!

மழை கூடிப்போச்சு, காலம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். மழையும் ஒரு காரணம்தான், நாம் மறுக்கவில்லை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை யார் மறப்பது? ஆனால் பெய்த தண்ணி எங்கே நிற்கணும், எந்த வழியாகப் போகணும் என்பதை மழை முடிவு செய்வதில்லை. தரையில் இருக்கிறவன் முடிவு செய்கிறான். பள்ளத்தை மேடாக்குகிறவன் முடிவு செய்கிறான். ஒரு பக்கம் மட்டும் கரையை உயர்த்துகிறவன் முடிவு செய்கிறான். அதற்கு அனுமதி கொடுக்கிறவனும் முடிவு செய்கிறான். நம்மை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பிரசுரம் அதைப் பற்றித்தான்.

நூறு ஏக்கர் பள்ளத்தின் கணக்கு

நம்ம வட்டாரத்தில் நடந்ததையே சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான்.

மெயின் ரோட்டை ஒட்டி நூறு ஏக்கர் பள்ளக்கால் வயல். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால் கரை, கீழ்க்கோடியில் ஒரு வடிகால். அடைமழையில் அந்த நூறு ஏக்கரிலும் மூன்றடி தண்ணி நிற்கும். நாலைந்து நாளில் வடிந்துவிடும். பயிர் கொஞ்சம் மஞ்சளடித்து, பிறகு எழுந்துகொள்ளும். இப்படியே காலம் போனது.

ஒரு நாள் ரோட்டோரம் இருபது ஏக்கரை வெளியூர்க்காரர் வாங்கினார். இரவும் பகலும் டிப்பர் லாரி வந்தது. நாலடி உயரத்துக்குச் சவுடும் கிராவலும் கொட்டி, ஜேசிபி விட்டு நிரவி, கல் நட்டு, கொடி கட்டி, ‘மனைகள் விற்பனைக்கு’ என்று போர்டு வைத்தார்கள். ‘வெள்ள பயமே இல்லாத மேடான மனை’ என்று அந்த போர்டிலேயே எழுதியிருந்தது!

இப்ப கணக்குப் போடுங்க. அந்த இருபது ஏக்கரில் முன்பு மூன்றடி தண்ணி நின்றது. இருபதை மூன்றால் பெருக்கினால் அறுபது ஏக்கர் அடி. அந்தத் தண்ணி ஆவியாகிப் போகுமா? போகாது. மிச்சம் இருக்கிற எண்பது ஏக்கரில் ஏறி நிற்கும். அறுபதை எண்பதால் வகுத்தால் முக்கால் அடி. ஒன்பது அங்குலம். சரியாக ஒரு சாண்!

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். மனுசனுக்கு அது சரி. பயிருக்கு அப்படி இல்லை. சம்பாப் பயிர் மூன்றடித் தண்ணியில் நுனியை நீட்டிக்கொண்டு மூச்சுவிடும். இன்னொரு சாண் ஏறினால் முழுசாக மூழ்கும். அதோடு போச்சா? இருபது ஏக்கர் மேட்டுக்கு அடியில் பழைய வடிகாலின் ஒரு கிளையும் புதைந்துபோனதால் நாலு நாளில் வடிந்த தண்ணி பத்து நாள் நிற்கிறது. சாதாரண ரகம் ஒரு வாரம் மூழ்கினாலே அழுகிவிடும். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் கூட இரண்டு வாரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆக, அந்த ஒரு சாணில்தான் நம்ம வருசத்துச் சாப்பாடு இருக்கிறது.

நடவுக்கூலி, உரம், வட்டி எல்லாம் தண்ணியோடு போகும். கணக்கெடுக்க வருகிறவர்கள் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்பார்கள். மேட்டில் மனை விற்றவருக்குச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் லாபம். பள்ளத்தில் இருப்பவனுக்குச் சாணுக்கு ஒரு போகம் நட்டம். அவர் லாபத்தை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம், தோழர்களே!

இன்னொரு கணக்கும் இருக்கு. இருபது ஏக்கரை நாலடி உயர்த்த எத்தனை மண் வேணும்? கிட்டத்தட்ட 34,800 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் என்றால் 11,600 லோடு! அத்தனை மண்ணும் வானத்திலிருந்தா வந்தது? எங்கேயோ ஒரு ஏரி, ஒரு படுகை, ஒரு புறம்போக்கு மேடு குழியாகியிருக்கும். ஒரு ஊரைக் குழியாக்கி இன்னொரு ஊரை மூழ்கடிப்பதற்குப் பெயர் வளர்ச்சியா?

சட்டம் என்ன கேட்கிறது?

‘அனுமதி வாங்கித்தானே செஞ்சிருக்காங்க’ என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, என்ன அனுமதி? கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மனைப்பிரிவு போட 1971ஆம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேணும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017ல் தனி விதிகளே வந்திருக்கின்றன. கலெக்டர், வேளாண்மைத் துறை என்று கையெழுத்துகள் உண்டு. தாழ்வான இடமாக இருந்தால் நீர்வளத் துறையிடம் வெள்ளத்தில் மூழ்குமா என்று கேட்டுத் தடையின்மைச் சான்று வாங்கணும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றில் வழக்கமாக என்ன நிபந்தனை போடுகிறார்கள் தெரியுமா? ‘வெள்ள மட்டத்துக்கு மேலே மனையை மண் கொட்டி உயர்த்திக்கொள்ள வேண்டும்’!

படிச்சுப் பாருங்க. இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. மனை மூழ்கக் கூடாது என்று சட்டம் கவலைப்படுகிறது. மனையால் யார் மூழ்குவார் என்று கேட்பதில்லை. வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய நிபந்தனையே பக்கத்து வயலுக்கு வெள்ளத்தைத் தள்ளிவிடும் உத்தரவாக ஆகிவிட்டது. நோய்க்கு மருந்து கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நோயைக் கொடுத்துவிடு என்று சீட்டு எழுதின கதை!

சுற்றுச்சூழல் அனுமதி? 2006ஆம் வருசத்து அறிவிக்கைப்படி நகரியம், பெரிய மனைத்திட்டம் என்றால் 50 ஹெக்டேர், அதாவது சுமார் 123 ஏக்கர் இருக்கணும். கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டுமானம் இருக்கணும். நம்ம ஊரில் வருவது இருபது ஏக்கர், பதினைந்து ஏக்கர், எட்டு ஏக்கர். ஒவ்வொன்றும் சின்னது, எல்லாம் சேர்ந்தால் ஒரு ஊரே மேடு. ஒவ்வொன்றாகப் பார்க்கிற சட்டத்துக்கு மொத்தமாக மூழ்குகிற நாம் கண்ணில் படுவதில்லை.

ஏரிப் பாதுகாப்புச் சட்டம்? 2005ல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு கொடுத்த பிறகு 2007ல் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு. தண்ணி வந்து நின்று போகிற பட்டா வயலைப் பற்றி அது பேசாது. 1884ஆம் வருசத்து ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் ஆற்று எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கரை, சுவர், கட்டடம் எழுப்புவதைத் தடுக்கிறது. அதுவும் அரசு அறிவிக்கை செய்து அளந்த ஆற்றுக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 2011லும் 2019லும் வந்தது. கடல் தண்ணியின் இயற்கையான போக்கைக் கெடுக்கிற மாதிரி நிலத்தை மேடாக்குவது, கரை போடுவது எல்லாம் சில விலக்குகள் தவிரத் தடை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கு. பிச்சாவரத்துப் பக்கம் உப்புத் தண்ணிக்கு இருக்கிற மரியாதை, நாலு மைல் மேற்கே மழைத் தண்ணிக்குக் கிடையாது!

வெள்ளச் சமவெளியை அளந்து, எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று பிரிக்க மத்திய அரசு 1975லேயே ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து எல்லா மாநிலத்துக்கும் அனுப்பியது. மணிப்பூர் 1978ல் சட்டம் போட்டது. ராஜஸ்தான் 1990ல் போட்டது. உத்தராகண்ட் 2012ல் போட்டது. தமிழ்நாடு? ஐம்பது வருசம் ஆகிவிட்டது. எத்தனை ஆட்சி மாறியது, எத்தனை வெள்ளம் வந்தது! அந்த மாதிரி ஒரு சட்டம் மட்டும் நமக்கு வரவில்லை.

கரை போட்டால் பாதுகாப்பா?

மண் கொட்டுவது ஒரு பக்கம். கரையை உயர்த்துவது இன்னொரு பக்கம். இரண்டும் அண்ணன் தம்பிதான்.

நாம் கரைக்கு எதிரி இல்லை. கொள்ளிடக் கரை இல்லாவிட்டால் நம்ம ஊரில் பாதி இல்லை. கரை உடைப்பெடுத்த ராத்திரியில் சாக்கும் சவுக்குக் கட்டையுமாக ஓடியவர்கள் நாம்தான். ஆனால் கரை என்பது தண்ணியை அழிக்கும் மந்திரம் இல்லை. தண்ணியை வேறு இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. அனுப்புகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அனுப்பணும்.

வாய்க்காலின் இடது கரையில் மனைப்பிரிவு வந்தது என்று இரண்டடி தடுப்புச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? வலது கரை இரண்டடி தாழ்ந்துபோனதற்குச் சமம். வெள்ளம் வலது பக்கம்தான் வழியும். அந்தக் காலத்தில் இதற்காகவே ராத்திரியில் எதிர்க்கரையை வெட்டப் போய் ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து நடந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். மண்வெட்டியால் செய்தால் குற்றம், கான்கிரீட்டால் செய்தால் திட்டமா?

வயல் மத்தியில் உயர்த்திப் போடுகிற ரோடும் ஒரு கரைதான். ஆறடி மேட்டில் ரோடு போட்டு, பழைய வடிகால் இருந்த இடத்தில் ஒற்றைக் குழாயைப் பதித்துவிட்டு, ‘பாலம் விட்டிருக்கோம்’ என்று கணக்குக் காட்டினால், ரோட்டுக்கு மேற்கே ஏரி, கிழக்கே களம்!

இரண்டு கரைக்கும் நடுவே ஆற்றை அடைத்துவிட்டால் வண்டலும் நடுவிலேயே படியும், ஆற்றின் அடிமட்டம் ஏறும். அடிமட்டம் ஏற ஏறக் கரையை உயர்த்தணும். கரைக்கு வெளியே பெய்கிற மழை ஆற்றுக்குள் இறங்க முடியாமல் வயலில் தேங்கும். இது நாம் கற்பனையாகச் சொல்வதில்லை. பீகாரில் 1950களின் தொடக்கத்தில் சுமார் 160 கிலோமீட்டர் வெள்ளக்கரை இருந்தது. பிறகு 3,400 கிலோமீட்டருக்கு மேல் போட்டார்கள். வெள்ளம் பாதிக்கும் நிலம் குறைந்ததா? 25 லட்சம் ஹெக்டேராக இருந்தது 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆனது! 2008 ஆகஸ்ட் 18ஆம் தேதி நேபாளத்தில் குசாஹா என்ற இடத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. ஒன்பது லட்சம் கன அடிக்கு மேல் தாங்கும் என்று கட்டிய கரை, ஒன்றரை லட்சம் கன அடி அளவிலேயே போய்விட்டது. இனி வெள்ளம் வராது என்று நம்பி வீடு கட்டியிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

நம்ம பக்கம் மட்டும் என்ன? 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். அந்த மாதமும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடம் பெருகியபோது, இரண்டு கரைக்கும் நடுவே இருக்கிற அக்கரை ஜெயங்கொண்டப்பட்டினம், கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் மக்கள் வீட்டை விட்டுப் படகில் ஏறினார்கள். கரைக்கு வெளியே இருப்பவனைக் காக்கப் போட்ட கரை, உள்ளே இருப்பவனுக்கு என்ன செய்தது என்று எந்தக் கோப்பில் எழுதியிருக்கு?

‘என் பட்டா, என் உரிமை’ என்பவர்களுக்கு

‘என் சொந்தப் பட்டா நிலம். நான் மண் கொட்டுவேன், உனக்கென்ன?’ என்று கேட்கிறார்கள்.

பட்டா உன்னுடையது. தண்ணி உன்னுடையது இல்லை, ஐயா! இதை நாம் சொல்லவில்லை. 1882ஆம் வருசத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் சொல்கிறது. மேல் நிலத்தில் இயல்பாக ஊறுகிற தண்ணியும் பெய்கிற மழையும் வாய்க்கால் இல்லாமலே இயல்பாகக் கீழ் நிலத்துக்கு ஓடிவரும்போது, கீழ் நிலத்துக்காரன் அதை விட்டுத்தான் ஆகணும். இது மேல் நிலத்துக்காரனின் உரிமை என்று அந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் உதாரணமாகவே எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். நூற்றி நாற்பது வருசத்துக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது, இன்றைக்கு அனுமதி கொடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லையா?

‘ஜனத்தொகை பெருகுது, வீடு வேண்டாமா?’ என்றும் கேட்கிறார்கள். வேணும். நம்ம பிள்ளைகளுக்கும்தான் வீடு வேணும். ஆனால் பள்ளத்தில் மனை வாங்குகிறவர் யார்? வெளிநாட்டில் கஷ்டப்பட்டுப் பணம் அனுப்புகிறவரும், நகையை அடகு வைத்த வாத்தியாரும்தான். 2015ல் சென்னையில் அடையாற்றங்கரை முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்று கையசைத்தவர்கள் அப்படி மனை வாங்கியவர்கள்தான். விற்றவர் போய்விட்டார், தண்ணி வந்துவிட்டது. பள்ளத்தில் மனை போடுவது வாங்குகிறவனுக்கும் துரோகம், பக்கத்து வயல்காரனுக்கும் துரோகம்.

நம்ம பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். வடிகால் கரையில் வருசம் ஒரு சாண் வெட்டி வயலோடு சேர்த்தவன் நம்மில் இல்லையா? மடையை அடைத்து மீன் பிடித்துவிட்டுத் திறக்க மறந்தவன் இல்லையா? இருக்கான். கான்சாகிப் வாய்க்காலும் பாசிமுத்தான் ஓடையும் குறுகிப்போனதில் நமக்கும் பங்கு உண்டு. முதலில் நம்ம கையால் அதைச் சரிசெய்தால்தான் மற்றவனை விரல் நீட்டிக் கேட்க முடியும்.

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள்?

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் ஆற்று வெள்ளம் ஓடும் பாதை என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் மண் கொட்டணும் என்றால், அதனால் வெள்ள மட்டம் கொஞ்சமும் உயராது என்று இஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திடணும். இங்கிலாந்தில் வெள்ளப் பகுதியில் மேடாக்கினால், எந்த உயரத்தில் எத்தனை கன அடி இடத்தை அடைத்தாயோ, அதே உயரத்தில் அத்தனை இடத்தை வேறு பக்கம் வெட்டிக் கொடு என்று கேட்கிறார்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம்ம பாட்டி சொன்னதுதான் இது. அவன் சட்டமாக்கிக்கொண்டான், நாம் பழமொழியாகவே வைத்துக்கொண்டோம்.

கரை கட்டுவதில் உலகத்துக்கே வாத்தியார் என்றால் நெதர்லாந்து நாடு. 1993லும் 1995லும் அங்கே ஆறு பெருகியது. 1995ல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவது போதாது, ஆற்றுக்கு இடம் கொடுக்கணும் என்று முடிவு செய்து, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளினார்கள், தாழ்த்தினார்கள், பக்கவாய்க்கால் வெட்டினார்கள். ஓவர்டீப்ஸ என்ற இடத்தில் விவசாயிகளே திட்டம் சொன்னார்கள்: ‘பெருவெள்ளம் வந்தால் எங்க வயலில் விடுங்க, எங்க வீட்டையும் தொழுவத்தையும் மட்டும் உயரமான மேட்டில் கட்டிக் கொடுங்க.’ அரசு ஏற்றுக்கொண்டு செய்து கொடுத்தது. அங்கே விவசாயியைக் கேட்டார்கள், பேசினார்கள், ஈடு கொடுத்தார்கள். இங்கே ராத்திரியோடு ராத்திரியாக டிப்பர் வருகிறது!

நாம் கேட்பது என்ன?

1. 2005, 2008, 2015, 2021 வெள்ளத்தில் தண்ணி நின்ற மட்டத்தை ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு குறித்து, கிராம வரைபடத்தில் ஏற்றி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும்.

2. அந்த எல்லைக்குள் ஒரு அடிக்கு மேல் நிலத்தை உயர்த்தினாலும், கரையோ சுவரோ போட்டாலும், தனி அனுமதி வேணும். மேலே, கீழே, எதிர்க்கரையில் இருக்கிற ஒவ்வொரு பட்டாதாரருக்கும் குத்தகைதாரருக்கும் தமிழில் நோட்டீஸ் கொடுத்து, கிராம சபையில் விசாரித்த பிறகே அனுமதி.

3. பக்கத்து நிலத்தில் தண்ணி மட்டம் உயராது என்று கணக்குக் காட்டணும். அந்தக் கணக்கில் ஏற்கெனவே மேடாக்கிய நிலம் அத்தனையும் சேரணும். தனித்தனியாகப் பார்த்துத் தப்பவிடக் கூடாது.

4. எத்தனை கொட்டுகிறாயோ அத்தனை வெட்டு! அதே பள்ளத்தில், அதே ஆழத்தில், வடிகாலோடு சேர்த்து. வெட்டி முடித்த பிறகுதான் முதல் லோடு மண்.

5. ‘உயர்த்திக்கொள்’ என்று மட்டும் நிபந்தனை போடும் தடையின்மைச் சான்று முறையை மாற்றணும். தண்ணி எங்கே போகும் என்று எழுதாத சான்று செல்லாது.

6. கரை உயர்த்தினால் இரண்டு பக்கமும் உயர்த்தணும். வடிகால் சந்திக்கும் இடத்தில் மதகு வைக்கணும். ரோடு போட்டால் சர்வே அளவுப்படி வடிகாலின் முழு அகலத்துக்கும் பாலம் விடணும்.

7. வெள்ளச் சமவெளிச் சட்டம் என்ற பெயரில் படுகையில் குடிசை போட்டிருக்கிற ஏழையை முதலில் துரத்தக் கூடாது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம்மை ஆக்கக் கூடாது. மாற்று மனையும் வீடும் கொடுத்த பிறகே மற்றது. படுகையில் சாகுபடிக்குத் தடை கூடாது, ஏனென்றால் வெள்ளத்துக்கு வழிவிட்டு நிற்பது பயிர்தான்.

8. விதி மீறிக் கொட்டிய மண்ணைக் கொட்டியவர் செலவில் அள்ளணும். பணம் கட்டினால் வரன்முறை என்ற பேச்சு வெள்ளப் பள்ளத்துக்குக் கிடையாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. தண்ணி காத்திருக்காது.

இந்த மழைக்காலத்தில் உங்க வயலில் ஒரு கல்லோ கட்டையோ நட்டு, தண்ணி ஏறிய மட்டத்தைப் பெயிண்டால் குறியுங்கள். தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அதிகாரி ‘இங்கே தண்ணியே நிற்காது’ என்று எழுதும்போது அந்தக் கல் சாட்சி சொல்லும்.

உங்க ஊரில் மண் கொட்டுகிறார்களா? தகவல் உரிமைச் சட்டம் 2005ன்படி பத்து ரூபாய் கட்டி, அனுமதி உத்தரவு, தடையின்மைச் சான்று, வரைபடம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். சர்வே வரைபடத்தில் வடிகால் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

பொது வாய்க்காலை அடைத்திருந்தால் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். பழைய குற்றவியல் சட்டத்தில் 133ஆவது பிரிவு என்று இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152ஆவது பிரிவு. அடைப்பை அகற்ற உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள், பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்கு டீ குடிக்கப் போவதாக நினைக்காதீர்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22லும் இப்போது கிராம சபை உண்டு. மேலே இருக்கிற எட்டுக் கோரிக்கையையும் அப்படியே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். ஏற்க மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

முக்கியமான ஒன்று. மேல் ஊரும் கீழ் ஊரும் சண்டை போட வேண்டும் என்றுதான் மண் கொட்டுகிறவன் எதிர்பார்க்கிறான். இடது கரைக்காரன் வலது கரைக்காரனை அடித்துக்கொண்டால் நடுவில் லே-அவுட் விற்றுவிடும். இந்தத் தடவை இரண்டு கரையும் சேர்ந்து நிற்கணும். தண்ணி சாதி பார்ப்பதில்லை, கட்சி பார்ப்பதில்லை, ஊர் எல்லை பார்ப்பதில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.

நாம் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. வருசா வருசம் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க நமக்கும் ஆசை இல்லை. வெள்ளம் வந்தால் வரட்டும், வந்த வழியே போகட்டும். அந்த வழியை மட்டும் விடுங்கள் என்கிறோம்.

மேடாக்குவதற்கு முன் எங்களைக் கேள்!
கரை போடுவதற்கு முன் எதிர்க்கரையைக் கேள்!
எத்தனை கொட்டுகிறாயோ அத்தனை வெட்டு!
தண்ணிக்கு வழி விடு! விவசாயியை வாழ விடு!

இவண்,
விவசாயிகள் சங்கத்துக்காக, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் சிறு குறு விவசாயிகள்

(படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். பக்கத்து ஊருக்குக் கொடுங்கள்.)